பதினோரு ஒயர் ஜெனிபர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனி ஒன்று இருக்கிறது. அங்கே ஜெனிபருக்கு ஏழாவது இடம். சாய்த்து நிறுத்திய பலகைகள் வரிசையாக, மெதுவாக நகர்ந்து வரும். பலகை முழுக்க ஆணி அடித்து, எந்த ஆணியைச் சுற்றி எந்த ஒயர் போகவேண்டும் என்று கோடு போட்டிருக்கும். தன் முன்னால் வரும் பலகையில் எண்பத்தெட்டு விநாடிக்குள் பதினோரு ஒயரைப் படுக்கவைத்து, நுனிகளைப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் செருகி, ‘டிக்’ என்று கேட்டதும் ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டு, அடுத்தவளுக்கு விட்டுவிட வேண்டும். இழுத்துப் பார்ப்பதுதான் முக்கியம். காதை நம்பாதே, கையை நம்பு என்பதுதான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது.

பதினான்கு வருஷமாக இதே வேலை. அவள் போட்ட ஒயரெல்லாம் ஏதேதோ கார்களுக்குள் போய் உட்கார்ந்து, யார் யாரையோ எங்கெங்கோ கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. அவள் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. பலகை எட்டாவது இடத்துக்குப் போனால் அவள் கதை முடிந்தது. அப்படிப்பட்டவள் ஒரு காருக்கு, அதுவும் ரேஸ் ஓடின காருக்கு, தலையிலிருந்து வால்வரை தானே ஒயர் போட்டாள். ஊரில் இதை ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். நடந்தது என்னவோ இதுதான்.

ஜெனிபரைப் பற்றிச் சொல்வதென்றால் அவளுடைய தூக்கத்தைத்தான் முதலில் சொல்லவேண்டும். காரனோடையில் கம்பெனி பஸ் ஏறினால் கவரைப்பேட்டை தாண்டும்வரை அவள் தூங்கவும் மாட்டாள், விழித்திருக்கவும் மாட்டாள். தலை ஜன்னல் கம்பியில் இருக்கும். வெளியே வயல் பச்சையாகவும் வரப்பு மஞ்சளாகவும் ஓடும். அது அவளுக்குப் பச்சையில் மஞ்சள் கோடு போட்ட ஒயராகத் தெரியும். ஏரித் தண்ணீர் நீலத்தில் வெள்ளைக் கோடு. லாரிகளின் பின்விளக்கு சிவப்பு. உலகம் முழுக்க நிறம் நிறமாகப் பிரிந்து, ஒன்றோடொன்று பின்னி, எங்கேயோ ஒரு பெரிய கூட்டுக்குள் ‘டிக்’கென்று போய் உட்காருவது போல இருக்கும். பக்கத்து ஸீட்டில் வரும் மோனிகா அவள் இடுப்பில் இடித்து, “எறங்கற எடம் வந்துச்சு, கனா கண்டது போதும்” என்பாள். ஜெனிபருக்குக் கோபமே வராது. அந்த அரைமணி நேரம்தான் ஒரு நாளில் அவளுக்கென்று இருந்த நேரம்.

அவள் புருஷன் பீட்டர் காரனோடையில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறான். கை சுத்தமான வேலைக்காரன், வாய்தான் கொஞ்சம் நீளம். இன்ஜினைத் தொட்டுப் பார்த்தே நோவைச் சொல்லிவிடுவான். ஆனால் ஒயர் என்றால் அவனுக்குப் பாம்பைப் பார்த்த மாதிரி. அவனிடம்தான் ஆதிநாராயணன் வந்து நின்றார்.

ஆதிநாராயணன் சோழவரம் ஏரிக்குப் பின்பக்கம் இருக்கிற ஊரில் நெல் விளைகிற நிலம் நிறைய வைத்திருக்கிற குடும்பத்துக்காரர். அறுபத்திரண்டு வயது. அவருடைய அப்பா அந்தக் காலத்தில், சோழவரத்தில் கார் ரேஸ் நடந்துகொண்டிருந்தபோது, ரேஸ் ஓட்டி அலுத்துப்போன ஒரு மெட்ராஸ்காரரிடமிருந்து இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய வெளிநாட்டுக் கார் ஒன்றை வாங்கிவந்தார். கூரை கிடையாது. தரையோடு தரையாக இருக்கும். பச்சை நிறம். பெரியவர் அதை ஓட்டினதைவிட நிறுத்திவைத்துக் காட்டினதுதான் அதிகம். மகனுக்குச் சாவியைக் கொடுத்ததே இல்லை. அவர் செத்த வருஷமே இன்ஜினும் வெடித்துப் போனது. அதற்கப்புறம் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு, எலிக்கு வீடாக இருந்தது அந்தக் கார்.

அந்தக் காரை ஜெனிபருக்கு நன்றாகத் தெரியும். அவள் அம்மா கங்கம்மா அந்த வீட்டு நிலத்தில் நாற்று நட்டவள், களை எடுத்தவள். ஜெனிபருக்கு ஒன்பது வயது இருக்கும்போது, கூலி வாங்கப்போன அம்மாவோடு கூடப்போய், தார்ப்பாய் போடாமல் நின்ற காரைப் பார்த்துவிட்டாள். சின்ன வண்டி, குழந்தைக்கென்றே செய்த மாதிரி இருந்தது. கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டாள். எவ்வளவு நேரம் ஓட்டினாளோ தெரியாது. கண்ணைத் திறந்தபோது பெரியவர் கத்திக்கொண்டிருந்தார். குழந்தையை அடிக்கவில்லை. கங்கம்மாவிடம் ஒரு பக்கெட் தண்ணீரைக் கொடுத்து, மகள் உட்கார்ந்த ஸீட்டைக் கழுவச் சொன்னார். கங்கம்மா கழுவினாள். ஆதிநாராயணன் அப்போது முப்பது சொச்சம் வயது ஆண்பிள்ளை. கிணற்றோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அந்தப் பெரியவர்மேல் இருக்கிற கோபத்தைவிட கிணற்றோரம் நின்றவர்மேல் இருக்கிற கோபம்தான் கூடுதல். ஜெனிபருக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

வயதாக ஆக ஆதிநாராயணனுக்கு அந்தக் காரை ஒருநாளாவது ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. பழைய இன்ஜினுக்குச் சாமான் உலகத்திலேயே கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். பீட்டர் ஒரு வழி சொன்னான்: புது வண்டி இன்ஜின் ஒன்றை உள்ளே இறக்கிவிடலாம். தச்சூர் கூட்டுரோட்டில் லாரி இடித்து நொறுங்கிய பள்ளிக்கூட வேன் ஒன்று பழைய இரும்புக் கடையில் கிடந்தது. முன்பக்கம்தான் அப்பளம், ஸீட்டுக்கு அடியில் இருந்த இன்ஜினுக்கு ஒரு கீறல் இல்லை. பின்சக்கரத்தைத் தள்ளுகிற இன்ஜின், ஆகவே இந்தக் காருக்கும் பொருந்தும். ரேஸ் காருக்குள் பள்ளிக்கூட வேன் இன்ஜினா என்று ஆதிநாராயணன் முகம் கோணினார். பிறகு, வேன் கம்பெனிக்கு ஜப்பான் கூட்டு என்பதால், ஜப்பான் இன்ஜின் என்று வெளியில் சொல்லிக்கொள்ளலாம் என்று தானே ஒரு சமாதானம் கண்டுபிடித்தார். இன்றைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இரும்பு வேலையெல்லாம் பீட்டர் பார்த்துக்கொண்டான். ஆனால் புது இன்ஜின் என்பது பழைய காலத்து இன்ஜின் மாதிரி பெட்ரோலும் நெருப்பும் மட்டும் கொடுத்தால் ஓடிவிடாது. அதற்கு மூளை மாதிரி ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்கு இன்ஜின் எங்கெங்கே எவ்வளவு சூடு, எவ்வளவு காற்று என்று சேதி கொண்டுபோக ஏகப்பட்ட ஒயர். வேனில் இருந்த ஒயரெல்லாம் விபத்தில் அறுந்து கந்தல். காரில் இருந்த பழைய ஒயரை எலி தின்று தீர்த்திருந்தது. சென்னையிலிருந்து ஆள் கூப்பிடலாம் என்றார் ஆதிநாராயணன். என் பெண்சாதி போடுவாள் என்று பீட்டர் வாய்விட்டுவிட்டான்.

அன்று சாயங்காலம் ஜெனிபர் அந்தக் கந்தல் ஒயர்க்கட்டை மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். டேப் சுற்றியிருந்த பக்குவம் தெரிந்த பக்குவமாக இருந்தது. ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டைத் துடைத்துப் பார்த்தால் அவளுடைய கம்பெனிச் சீட்டு. எந்த வருஷம் என்றும் போட்டிருந்தது. அதில் பதினோரு ஒயரை அவளே போட்டிருக்கலாம். தன் கையை விட்டுப்போன ஒன்று இத்தனை குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அடிபட்டுத் திரும்பி வந்து மடியில் கிடக்கிறதே என்று அதைத் தடவிப் பார்த்தாள். போடுகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

ஆதிநாராயணன் அவளைப் பார்க்க ஷெட்டுக்கு வந்தார். கங்கம்மா மகள் என்று தெரிந்ததும் பார்வையைக் காரின் பக்கம் திருப்பிக்கொண்டு, வேலைக்கு இன்னா வேணும் என்று கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை.

“வண்டி ஓடுச்சின்னா மொத ஓட்டம் நான்தான் ஓட்டணும் சார். வேற ஒண்ணும் வேணாம்.”

அவர் சிரித்தார். அதெல்லாம் ஓடினால்தானே என்கிற சிரிப்பு. “ஓட்டேம்மா, எவன் வேணாங்கறான்” என்றார். ஜெனிபருக்கு லைசென்ஸ் இருந்தது; பீட்டர் சரிபண்ணுகிற வண்டிகளை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துக் குறை சொல்வது அவள்தான். ஆகவே அவள் கேட்டது வெறும் வாய்ப்பேச்சு அல்ல.

நாலு மாசம் ஆயிற்று. வீட்டில் இருந்த ஒரே அறையில் பிளைவுட் பலகைகளைச் சேர்த்து, காரின் முழு அளவுக்கு ஒரு படம் வரைந்து, ஆணி அடித்து நிறுத்திவிட்டாள். கம்பெனிப் பலகையில் ஏழாவது இடம் மட்டும்தான் அவளுக்குச் சொந்தம். இந்தப் பலகையில் ஒன்றிலிருந்து கடைசிவரை எல்லா இடமும் அவளுடையதே. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து, நாஷ்டா முடித்ததும் பலகைக்கு முன்னால் போய் நிற்பாள். எண்பத்தெட்டு விநாடி என்று துரத்த யாருமில்லை. ஒரு ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு அது எங்கே புறப்பட்டு எங்கே போகிறது என்று நினைத்தபடியே அரைமணி நேரம் நின்றுவிடுவாள். வெளியே வெயில் வெள்ளையாக இருக்கும். நெடுஞ்சாலை லாரிச் சத்தம் தூரத்தில் இரைந்துகொண்டிருக்கும். பீட்டர் பலகைக்குக் கீழே தட்டை வைத்துச் சாப்பிட்டுவிட்டு, அங்கேயே கால் நீட்டித் தூங்கிப் போவான். ஒயர்கள் மேலே கொடிபோலப் படர்ந்திருக்கும். பொய் சொல்வானேன், அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

முடித்ததும், இன்ஜினைக் காருக்குள் இறக்குவதற்கு முன், ஷெட் தரையில் இரும்புச் சட்டத்தில் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். பெரிய பலகையிலிருந்து வந்த கறுப்பு ஒயர்களையெல்லாம் கிளிப் போட்டு இன்ஜின் இரும்பிலேயே கவ்வவிட்டாள். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. பீட்டர் அவளைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினான். முப்பத்தெட்டு வயதுப் பொம்பளையை நடுரோட்டுக்குத் தெரிகிற மாதிரி இப்படித் தூக்கலாமா என்று அவள் வெட்கப்பட்டுக்கொண்டாலும், இறக்கிவிடச் சொல்லவில்லை.

அப்புறம் இன்ஜின் காருக்குள் போயிற்று, ஒயரும் போயிற்று. கறுப்பு ஒயர்களின் நுனியில் ஆளுக்கொரு செப்பு வளையம் இருக்கும். வளையத்தை வண்டியின் உடம்பில் திருகு போட்டு இறுக்க வேண்டும் என்று வேனின் ஒயர் வரைபடத்தில் இருந்தது. கம்பெனியில் அந்த வளையம் சும்மா தொங்கும். யாரும் எதிலும் திருக மாட்டார்கள், அது கார் செய்கிற கம்பெனியின் வேலை. ஜெனிபர் படத்தில் இருந்தபடியே, டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒன்பது இடத்தில் துளைபோட்டு, திருகு போட்டு, நறுக்கென்று இறுக்கினாள். துளைபோடும்போது வெள்ளையாக மாவு கொட்டியது. சாயங்காலம் முழுக்க முழங்கை அரித்தது. வேர்க்குரு என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு ஆதிநாராயணன் வீட்டு வாசலில் நல்ல கூட்டம். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தது. காருக்கு மாலை. ஜெனிபர் கோயிலுக்குக் கட்டிப்போன புடவையோடு நேரே வந்திருந்தாள். காரில் ஏறி உட்கார்ந்தாள். ஊர் ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் சாவியைத் திருப்பினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. உறுமவில்லை, இருமவில்லை, ‘டிக்’ என்றுகூடச் சொல்லவில்லை. மறுபடி திருப்பினாள். காதில் தன் ரத்தம் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. கூட்டத்தில் யாரோ, நாத்து நடற வேலைன்னு நெனச்சிக்கினா போல என்று சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். ஆதிநாராயணன் சிரிக்கவில்லை; அதுவரைக்கும் மனுஷன். எறங்கும்மா என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து ஆள் லாரியோடு வந்து காரை ஏற்றிக்கொண்டு போவான், அவர்களே பார்த்துக்கொள்ளட்டும், அதுவரைக்கும் யாரும் கைவைக்க வேண்டாம் என்று காரைக் கொட்டகைக்குள் தள்ளவைத்துப் பூட்டிவிட்டார். காரைச் சென்னைக்காரன் ஓடவைத்தால் முதல் ஓட்டம் என்ற பேச்சே இருக்காது. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

புருஷன் பெண்சாதிக்குள் சண்டை வந்தது. என் இன்ஜின் தரையில் ஓடிற்றே என்றான் பீட்டர். என் ஒயரும்தான் தரையில் ஓடிற்று என்றாள் ஜெனிபர். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் பேச்சில்லை. அவள் மனசுக்குள் ஒவ்வொரு ஒயராக எடுத்து, ஒவ்வொரு நுனியாக இழுத்துப் பார்த்தாள். எதுவும் கழன்று வரவில்லை. எல்லாம் சரியாக இருந்தும் வண்டி பிணமாகக் கிடப்பதுதான் அவளை வதைத்தது. நாற்று நடற வேலை என்றானே, அதில் அவளுக்கு அவமானமில்லை. அம்மா நட்ட நாற்று ஒன்றுகூடச் சாய்ந்ததில்லை. தன் கை வேலை சாய்ந்துவிட்டதே என்பதுதான்.

வியாழக்கிழமை பகல் ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்குப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தாள். ஜன்னல் கம்பி சுட்டது. சாலைக்கு மேலே கானல் நெளிந்தது. வழக்கம்போல அவள் பாதியில் நழுவிப் போனாள்.

இந்தத் தடவை அவளே கரண்டாக இருந்தாள். பேட்டரியிலிருந்து புறப்பட்டு, சிவப்பு ஒயர் வழியாக நடந்தாள். ஒயருக்குள் வெதுவெதுப்பாக இருந்தது. பெட்ரோல் பம்ப் வந்தது. அங்கே அவளுக்கு வேலை. பஞ்ச் அடித்துவிட்டு உள்ளே போய், வேலையை முடித்துவிட்டு, பின்வாசல் வழியாக வெளியே வந்தாள். பின்வாசல் கறுப்பு ஒயர். நடந்து நடந்து அதன் நுனிக்கு வந்தாள். செப்பு வளையம், பஸ் ஸ்டாப் மாதிரி. ஷிப்ட் முடிந்தவள், வீட்டுக்குப் போகவேண்டும். பஸ் வரவில்லை. பக்கத்தில் விளக்கு வேலை முடித்தவள் நின்றாள், பெட்டி வேலை முடித்தவள் நின்றாள். யாருக்கும் பஸ் இல்லை. திருகைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். ரோடு இல்லை, வெள்ளை மாவுதான் கண்ணுக்கெட்டினவரை பனிபோலக் கிடந்தது. வீட்டுக்கு அனுப்பாத இடத்தில் எவள் வேலை செய்வாள் என்று பக்கத்தில் நின்றவள் சொல்ல, எல்லோரும் அப்படியே கையைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

முழங்கையைச் சொறிந்துகொண்டே விழித்தாள். தகரத்தில் துளைபோட்டால் மாவா கொட்டும்? சுருள் சுருளாக அல்லவா வரும். தகரம் பட்டால் வெட்டும், அரிக்காது. அந்தக் காரின் உடம்பு தகரமே இல்லை, பைபர். தண்ணீர்த் தொட்டி செய்கிற அதே பைபர். தகர வண்டியில் கறுப்பு ஒயரை உடம்பில் எங்கே திருகினாலும் கரண்ட் தகரத்தின் வழியாகவே பேட்டரிக்குத் திரும்பிப் போய்விடும். பைபரில் எங்கே போகும்? ஒன்பது வளையத்தையும் பிளாஸ்டிக்கில் திருகிவைத்துவிட்டு வண்டி ஓடவில்லை என்று அழுதுகொண்டிருக்கிறாள். பதினான்கு வருஷமாகத் தினம் பார்த்த வளையம். அது எங்கே போய்ச் சேருகிறது என்று ஒருநாள்கூட யாரையும் கேட்டதில்லை. அவள் சிரித்த சிரிப்பில் மோனிகா பயந்து போனாள்.

ஷெட்டுக்கு நேராகப் போய்ப் பீட்டரிடம் சொன்னாள். அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். அவன் ஆயுசில் தொட்ட வண்டியெல்லாம் தகரம்; அவனுக்கும் தோன்றவில்லை. சண்டை அதோடு முடிந்தது.

சனிக்கிழமை நாலு மணிக்கு இருவரும் ஆதிநாராயணன் வீட்டுக்குப் போனார்கள். அவர் முண்டா பனியனோடு காற்று வாங்கிக்கொண்டிருந்தார். நாளைக்கு லாரி வரப்போகிறது, இந்தப் பேஜாரெல்லாம் இனிமேல் எதுக்கு என்றார்.

“ஒரே ஒரு ஒயரு சார். பத்து நிமிஷம்” என்றாள் ஜெனிபர்.

அவர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கொட்டகைச் சாவியை எடுத்துக் கொடுத்தார். கூட்டமில்லை, மாலையில்லை, எலுமிச்சம்பழமில்லை. ஜெனிபர் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஒன்பது திருகையும் கழற்றினாள். ஒன்பது வளையத்தையும் ஒன்றாகச் சேர்த்து, விரல் தடிமனில் ஒரு கறுப்பு ஒயரில் கோத்து, அதைப் பேட்டரிக்கே கொண்டுபோய் இறுக்கினாள். இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. கதவுக்கு வெளியிலிருந்தே கையை நீட்டிச் சாவியைத் திருப்பினாள்.

வண்டி பிடித்துக்கொண்டது. ரேஸ் கார் மாதிரி கர்ஜிக்கவெல்லாம் இல்லை. காலையில் குழந்தைகளை ஏற்றிக்கொள்ள வந்து நிற்கிற வேன் மாதிரி அடக்கமாக முனகியது. கொட்டகைத் தகரம் லேசாக அதிர்ந்தது. மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. ஜெனிபர் எண்ணெய்க் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. ஒன்றிலிருந்து கடைசிவரை எல்லா ஒயரிலும் இப்போது ஆள் நடமாட்டம் இருப்பது அவளுக்குத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து ஆதிநாராயணன் காருக்குள் ஏறி ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்துவிட்டார். திட்டம் போட்டுச் செய்ததாக நான் சொல்ல மாட்டேன். அப்பா ஜீவனோடிருந்தவரை அவரை அந்த ஸீட்டில் உட்காரவிட்டதில்லை. உயிரோடு துடிக்கிற வண்டியின் ஸ்டியரிங்கை அறுபத்திரண்டு வயதில் முதல் தடவையாகப் பிடித்திருக்கிறார். முகம் பையன் முகமாகிவிட்டது.

“ஒரே ஒரு ரவுண்டும்மா. ஏரிக்கரை வரைக்கும் போய்ட்டு வந்துர்றேன். அப்பால நீ எவ்ளோ நேரம் வேணா ஓட்டிக்கோ.”

பீட்டர் கண்ணாலேயே அவளைக் கெஞ்சினான்: விடு, பத்து நிமிஷம்தானே. பத்து நிமிஷம்தான். அவளும் அதைத்தான் நினைத்தாள். பாவம், வயசானவர், ஆசைப்படுகிறார். அவர் போய்வந்த பிறகு அவளுக்கும் கிடைக்கும். ஆனால் அவள் தெருக்காரர்களுக்கு எல்லாமே அப்படித்தான் கிடைத்துக்கொண்டிருந்தது: அந்த வீட்டார் எடுத்துக்கொண்ட பிறகு. அவளுக்குக் கார் ஓட்டவேண்டும் என்பதில்லை. எத்தனையோ கார் ஓட்டியிருக்கிறாள். முதலில் என்பதுதான் வேண்டும். அதை விட்டுக்கொடுத்தால் நாலு மாசம் அவள் ஒயர் போட்டது ஆதிநாராயணனுக்காக என்று ஆகிவிடும்.

“சார், எழுந்திருங்க” என்றாள்.

பீட்டர் தரையைப் பார்த்தான். அந்தக் கொட்டகையில் அந்த வார்த்தையை அந்த வீட்டு மனிதரைப் பார்த்து, அவள் தெருவிலிருந்து வந்த ஒருத்தர் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

“இன்னா சொன்ன?”

“மொத ஓட்டம் என்துன்னு சொன்னீங்க. எழுந்திருங்க சார்.”

குரலை உயர்த்தவில்லை. கம்பெனியில் அடுத்தவளுக்குப் பலகையை விடும்போது பேசுகிற குரல்தான். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. ஆதிநாராயணன் ஸ்டியரிங்கைப் பார்த்தார், கிணற்றுப் பக்கம் பார்த்தார். என்ன நினைத்தாரோ. அவருக்கு மறந்திருக்கும் என்று நாம் நினைக்கிற சங்கதிகள் மறக்காமலும் இருந்திருக்கலாம். கடைசியில் எழுந்தார். தரையோடு தரையான கார். எழுந்திருக்க முட்டி ஒத்துழைக்கவில்லை. ஜெனிபர் எண்ணெய்க் கையை நீட்டினாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

வெளியே வந்து நின்று, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, “நான் பக்கத்துல குந்திக்கவா?” என்று கேட்டார்.

“குந்துங்க சார்.”

பீட்டருக்கு இடமில்லை, இரண்டு பேர் வண்டி. அவன் கொட்டகை வாசலிலேயே நின்றுகொண்டான். ஜெனிபர் முதல் கியரைப் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டாள். கார் வாசலைத் தாண்டி, வயல் ரோட்டில் ஏறி, ஏரிக்கரைக்கு வந்தது. கூரை இல்லாததால் காற்று நேராக முகத்தில் அடித்தது. இடப்பக்கம் தண்ணீர், வலப்பக்கம் கதிர் விட்ட நெல். இரண்டுக்கும் நடுவில் தரையோடு தரையாக நழுவிப் போகும்போது அவளுக்குத் தான் விழித்திருக்கிறோமா, பஸ் ஜன்னலில் சாய்ந்திருக்கிறோமா என்று ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. மோனிகா இடுப்பில் இடிப்பாளோ என்று பார்த்தாள். பக்கத்தில் முண்டா பனியனோடு ஆதிநாராயணன் கதவைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி காற்றைக் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அது பொய்யாகத்தான் தோன்றியிருக்க வேண்டும்.

கரை முடிகிற இடத்தில் ரோடு இரண்டாகப் பிரியும். வலது கைப்பக்கம் ஊருக்கு. இடது கைப்பக்கம் காலனிக்கு. ஜெனிபர் இடது பக்கம் திருப்பினாள். ஆதிநாராயணன் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

கங்கம்மா வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டு வண்டி எது தெருவுக்குள் வந்தாலும், டிராக்டரானாலும் ஸ்கூட்டரானாலும், அவள் எழுந்து நிற்பாள். கூலி வேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியும் அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை; இதற்காக மகளோடு சண்டைகூட வந்திருக்கிறது. பச்சைக் கார் தெருமுனையில் திரும்பியதுமே கங்கம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

ஜெனிபர் ஹாரன் அடிக்கவில்லை, கையை ஆட்டவில்லை. வேகத்தைக் குறைத்தாள், அவ்வளவுதான். கங்கம்மா பக்கத்து ஸீட்டில் இருந்தவரைப் பார்த்தாள். அப்புறம் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். கார் அவள் வாசலுக்கு நேராக வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு குனிந்து முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தாள்.